தவறாத கை

பிற்பகல் இரண்டு நாற்பதுக்குத்தான் அது முதலில் அவள் கண்ணில் பட்டது. கணினித் திரையின் மேல்பாதியில் தம்பியின் மூளை அலைகள் காற்று ஓய்ந்த கடல்போலப் பெரிதாக, மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாக உருண்டுகொண்டிருந்தன. பல வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துவிட்டு இந்தப் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு உதவியாளராக வந்தவள் அவள். அந்த அலை எதைக் காட்டுகிறது என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆழ்ந்த உறக்கம். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் காதில் விழாத உறக்கம். ஆனால் திரையின் கீழ்ப்பாதியில், சிவப்பு விளக்கு எரிந்த ஒவ்வொரு தடவையும் அவன் பொத்தானை அழுத்திய நேரம் வரிசை வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை.

தொப்பியில் ஏதோ மின்முனை விலகியிருக்கும் என்று நினைத்து எழுந்து போனாள். ஜன்னல் இல்லாத சின்ன அறை. குளிர்சாதனத்தின் ஈரவாடையும், மின்முனைகளை ஒட்டும் பசையின் புளித்த வாடையும், குளிக்காமல் இரண்டு நாள் உட்கார்ந்திருந்த உடம்பின் வாடையும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் படிந்தன. தம்பி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கண்கள் திறந்திருந்தன. விளக்கு எரிந்தது, கட்டைவிரல் இறங்கியது. டிக். அவள் தொப்பியை ஒவ்வொரு இடமாக அழுத்திப் பார்த்தாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்குக்கா" என்றான் அவன்.

மூச்சு வந்தது அவளுக்கு. திரும்பி வந்து திரையைப் பார்த்தாள். அவன் பேசிய அந்த நொடியைத் தேடிப் பின்னால் ஓட்டினாள். பேசினால் அலை கலையும். தண்ணீரில் கல் விழுந்த மாதிரி சிதறும். அங்கே ஒன்றும் சிதறவில்லை. அதே பெரிய அலை, அதே நிதானம். தம்பி தூக்கத்திலிருந்தே அவளுக்குப் பதில் சொல்லியிருந்தான்.

ஆராய்ச்சி சோர்வைப் பற்றியது. களைத்துப்போன மனிதனின் மூளை எந்தக் கணத்தில் வேலையைக் கைநழுவ விடுகிறது என்பதைப் பேராசிரியர் பதினைந்து வருடமாகத் துரத்திக்கொண்டிருந்தார். இயந்திரத்தின் முன்னால் நிற்கிற எவனும் ஒரு நொடி கண்ணயர்ந்து உயிரை விடக்கூடாது என்றுதான் அவர் தொடங்கினார். அந்த நல்லெண்ணத்தில் அவளுக்குச் சந்தேகம் இருந்ததில்லை. ஊருக்கு வெளியே இருந்த பெரிய பார்சல் கிடங்கு தன் ஆட்களில் பன்னிரண்டு பேரை அனுப்பி வைத்தது. தலையில் மாட்டிய தொப்பி மூளை அலையைப் படிப்பதோடு நிற்கவில்லை. கவனம் சரிகிற கணத்தில் எறும்பு கடிக்கிற அளவுக்கு ஒரு சின்ன மின்துடிப்பைக் கொடுத்து, தலை சாய்ந்தாலும் கை சாயாமல் இருக்கப் பழக்கியது. பத்து நாள் பயிற்சி.

தம்பியின் பெயரை எழுதிக் கொடுத்தது அவள்தான். கிடங்கில் பெல்ட்டின் முன்னால் நின்றபடியே இரண்டு தடவை தூங்கிப்போய் மாட்டிக்கொண்டவன் அவன். மூன்றாவது தடவை என்றால் வீட்டுக்குப் போ என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். அப்பா அம்மா போன பிறகு அவளுக்கு அவன், அவனுக்கு அவள் என்றிருந்த வீடு. பேராசிரியரிடம் கெஞ்சிக் கூத்தாடித்தான் பட்டியலில் சேர்த்தாள். முதல் நாள் தொப்பியை மாட்டும்போது அவன், "என் தலைக்குள்ள ஒண்ணும் கிடைக்காதுக்கா, எட்டிப் பாத்துட்டு நீங்களே கதவைச் சாத்திருவீங்க" என்று சிரித்தான். தலையை ஆட்டாதே என்று அவள் அதட்டினாள். அவன் சிரித்ததை அவள் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

பேராசிரியரிடம் அலைகளைக் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரைக்கு நெருக்கமாக முகத்தைக் கொண்டுபோனார். மற்ற பதினோரு பேரின் பதிவையும் கேட்டார். தம்பியோடு சேர்த்து எட்டு பேரிடம் அதே அலை இருந்தது. அவர் அந்த எட்டுப் பதிவையும் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தார். பயம் என்று நினைத்துக்கொண்டாள். அது சந்தோஷம் என்பது புரிய அவளுக்குப் பல நாள் பிடித்தது.

பத்தாவது நாள் தொப்பிகளைக் கழற்றினார்கள். பன்னிரண்டு பேரும் வேலைக்குத் திரும்பினார்கள். நாலு நாள் வீட்டில் நன்றாகத் தூங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

தம்பி வேலைக்குப் போனான், வந்தான், சாப்பிட்டான், தட்டைக் கழுவி வைத்தான். முன்பெல்லாம் தட்டு நாள் முழுக்கக் காய்ந்து கிடக்கும். குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் தினமும் ஒரே அளவுக்குக் கேட்டு, ஒரே இடத்தில் நின்றது. கரண்டி தட்டில் படுகிற சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியை அவள் தன்னை அறியாமலேயே எண்ணத் தொடங்கியிருந்தாள். மாறவே இல்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். பதிலுக்கு முன்னால் ஒரு சின்ன மௌனம். அதுவும் மாறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம், அவன் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தபோது அவள் வாசற்படியில் நின்றாள். அறையில் வெயில் கொட்டிக்கிடந்தது. சுவர் அதிர்கிற அளவுக்குக் குறட்டை விடுகிறவன், சத்தமே இல்லாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டிலின் மரச்சட்டத்தில் கட்டைவிரல் மட்டும் ஏறி இறங்கியது. டிக். டிக்.

"சாப்பிட வர்றியா?"

"சரிக்கா."

"கடைக்குப் போய்ட்டு வர்றேன், கதவைச் சாத்திக்க."

"சரிக்கா."

அவள் உள்ளே வந்து கட்டிலருகே குனிந்தாள். "வீடு பத்தி எரியுதுடா" என்றாள்.

அதே மௌனம்.

"சரிக்கா."

மறுநாள் ஆய்வகத்திலிருந்து கையடக்கப் பதிவுக் கருவியை யாரிடமும் கேட்காமல் பைக்குள் போட்டு எடுத்து வந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவனின் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் மின்முனைகளை ஒட்டினாள். அவன் தடுக்கவில்லை, ஏனென்று கேட்கவும் இல்லை. திரையில் அதே கடல். ஆய்வகத்தில் பார்த்ததைவிடப் பெரிய அலைகள். அவன் இன்னும் ஆழத்துக்குப் போயிருந்தான். அந்தப் பிற்பகலிலிருந்து பதினேழு நாளாக அவள் தம்பி விழிக்கவே இல்லை. வேலைக்குப் போய்வந்ததும் தட்டைக் கழுவியதும் வேறு ஏதோ.

நர்ஸாக இருந்தபோது கற்றதையெல்லாம் செய்து பார்த்தாள். குளிர்ந்த தண்ணீரை முகத்தில் அடித்தாள். மூக்கருகே காரமான மருந்து நெடியைக் காட்டினாள். மயங்கிக் கிடப்பவர்களை எழுப்பச் செய்வதுபோல, விரல் நகத்தின்மேல் பேனாவை வைத்து, நகம் வெளுக்கும்வரை அழுத்தினாள். தூங்குகிறவன் எழுந்து அறைந்துவிடுகிற அளவுக்கு வலி அது. அவன் விரலை மெதுவாக உருவிக்கொண்டான். நனைந்த முகத்தோடு எழுந்தான். தட்டைக் கழுவப் போனான். அவள் தரையிலேயே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பேராசிரியர் அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கருவியைத் திருட்டுத்தனமாக எடுத்துப்போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதிவை வாங்கித் தன் கணினியில் ஏற்றிக்கொண்டு, இது அருமையான தரவு என்றார். கிடங்கிலிருந்து கடிதம் வந்திருந்தது. அந்த எட்டுப் பேரிடம் ஒரு பிழைகூட இல்லையாம், காயம் இல்லை, விடுப்பு இல்லை, முணுமுணுப்பு இல்லை.

"அவன் தூங்கிட்டிருக்கான் சார்" என்றாள் அவள். "அவனை எப்படி எழுப்பறதுன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் அவளைப் பரிவோடுதான் பார்த்தார். "தூங்கட்டுமே சிஸ்டர். வேலை நடக்குதுல்ல?"

அந்தப் பரிவுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. எழுப்புகிற வழியை அவர்கள் யோசிக்கவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அன்றைக்கே வேலையை விட்டாள். யாரும் தடுக்கவில்லை. தொப்பி மாட்டக் கிடங்கின் மற்ற ஆட்களையெல்லாம் சேர்த்திருந்தார்கள்.

அடுத்த வாரம் தம்பி வீட்டுக்கு வருவதை நிறுத்தினான். ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள். கிடங்குக்குப் போன் செய்து கேட்டால் வேலை அதிகம், ஆள் நன்றாக இருக்கிறார் என்றார்கள். ஐந்தாம் நாள் உச்சிவெயிலில் அவளே கிளம்பிப் போனாள்.

கிடங்கின் வாசலில் சூப்பர்வைசர் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். ஆய்வகத்தில் அவளையும் தம்பியையும் பார்த்த ஞாபகம், பல்கலைக்கழகத்திலிருந்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். எட்டு இப்போது இருநூறு ஆகிவிட்டது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே உள்ளே கூட்டிப்போனார். அட்டைப்பெட்டியின் காய்ந்த வாடை. சூடேறிய ரப்பர் வாடை. கூரைத் தகரத்தில் வெயில் முறுகுகிற சத்தம். நீண்ட பெல்ட்டின் இரண்டு பக்கமும் ஆட்கள். இருநூறு பேர் நிற்கிற இடத்தில் ஒரு இருமல் இல்லை, ஒரு பேச்சு இல்லை. பெட்டிகள் கைமாறுகிற ஓசை மட்டும். எல்லாக் கையும் ஒரே நேரத்தில்.

தம்பி நடுவில் நின்றிருந்தான். இளைத்திருந்தான். கண்வெள்ளை தெரியவில்லை, முழுக்கச் சிவப்பு. காய்ந்து, மங்கி, தூசி படிந்த கண்கள்.

சூப்பர்வைசர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தார். கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்து.

"இமைக்க மறந்துடறாங்க" என்றார். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நாங்களே விட்டுடுவோம். நீங்களே விடுங்களேன், உங்க தம்பிதானே."

அவள் வாங்கிக்கொண்டாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவன் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். கழுத்து வளைந்துகொடுத்தது. கைகள் நிற்கவில்லை. பெல்ட்டின்மேல் சாய்ந்திருந்த அவள் வயிற்றுக்குக் கீழே பெட்டிகள் வந்தன, போயின. ஒரு சொட்டு. கண் சுருங்கவில்லை. இன்னொரு சொட்டு. அவன் பார்வை அவளைத் தாண்டி எங்கோ இருந்தது.

அப்போதுதான் உதடுகளைப் பார்த்தாள்.

அசைந்துகொண்டிருந்தன. மிக லேசாக. சத்தம் இல்லை. மூச்சுகூட இல்லை. ஏதோ மெல்லுகிறான் என்று நினைத்தாள். இல்லை. சேர்ந்தன. பிரிந்தன. மறுபடி அதே. அவள் காதை அவன் வாயருகே வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. முகத்தை விலக்கி உற்றுப் பார்த்தாள்.

எழுப்புக்கா.

எழுப்புக்கா.

எழுப்புக்கா.

"அது எல்லாருக்கும் வருது" என்றார் சூப்பர்வைசர் பின்னாலிருந்து. "சத்தம் வராது. வேலைக்குத் தொந்தரவு இல்ல."

அவள் தலையை நிமிர்த்தினாள். பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. கைகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தக் கோடிவரை, இரண்டு பக்கமும், இமைக்காத சிவந்த கண்களுக்குக் கீழே, இருநூறு வாய்கள். திறந்து மூடின. திறந்து மூடின.