சூடானால் நிற்கும் சத்தம்

காரைக் கிளப்பிய முதல் இரண்டு நிமிஷம் மட்டும்தான் அந்தச் சத்தம் வரும். டிக், டிக், டிக் என்று, நகத்தால் தகரத்தைத் தட்டுவதுபோல. இஞ்சினில் சூடு ஏறியதும் அடங்கிவிடும். அப்புறம் ஐந்தருவிக்கும் தென்காசிக்குமாக நாள் முழுக்க எத்தனை நடை ஓட்டினாலும் முதலாளியின் அந்தக் கறுப்புக் கார் முனகாது. ராத்திரியெல்லாம் சாரல் காற்றில் சில்லிட்டுக் கிடந்துவிட்டு, மறுநாள் காலையில் மறுபடியும் ஆரம்பிக்கும்.

இதில் பிச்சுமணிக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. வால்வைத் தட்டும் டாப்பெட்டில் இடைவெளி கூடிப்போனால், இரும்பு சூட்டில் விரியும்வரை இப்படித்தான் சத்தம் வரும். புகைக்குழாய் மூட்டை அடைக்கும் கேஸ்கட் விட்டிருந்தாலும் இப்படித்தான். டாப்பெட் எட்டையும் தகடு விட்டு அளந்துவிட்டான். புகைக்குழாயில் ஈரச்சாக்கைச் சுற்றிப் பார்த்துவிட்டான். எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனாலும் பத்து நாளாகக் காலைதோறும் அது தட்டிக்கொண்டுதான் இருந்தது.

பதினோராம் நாள் முதலாளி சங்கரநாராயணன் குற்றாலத்துப் பங்களா வாசலில் நின்று சொன்னார்: "என்னவே பிச்சுமணி, உம்மால ஆவாது போலிருக்கே. புளியறை மெக்கானிக் ஆதமை வரச் சொல்லியிருக்கேன். அவனுக்கு நல்ல காதுன்னு லாரிக்காரனெல்லாம் சொல்லுதான். சத்தத்தைப் பிடிச்சிட்டான்னா தென்காசி பஸ் ஷெட்டை அவன் கையிலேயே குடுத்துரலாம்னு பாக்கேன்."

நல்ல காதாம். அப்படியென்றால் இருபது வருஷமாக பிச்சுமணி தலையின் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு அலைந்தது என்ன, கதவுக் கொண்டியா? அவனுக்கு வயிறு எரிந்தது. ஷெட்டின் தலைமை மெக்கானிக் என்பதைத் தவிர ஊரில் அவனுக்கு வேறு மரியாதை கிடையாது. அதையும் முப்பது வயதுகூட ஆகாத ஒருவனிடம் தூக்கிக் கொடுப்பதா?

ஆதம் மறுநாள் விடியற்காலையில் வந்தான். கருவிப் பெட்டியைத் திறக்கவே இல்லை. ஒரு முழ நீள இரும்புக் கம்பியை எடுத்து, ஒரு நுனியை இஞ்சின்மேல் ஊன்றினான். மற்றவர்கள் மறுநுனியைக் காதில் வைப்பார்கள். அவன் பல்லில் கடித்தான்.

"காதை விட எலும்புக்கு நல்லாக் கேக்கும் அண்ணாச்சி" என்று சிரித்துவிட்டுத்தான் கடித்தான். இஞ்சின் கிளம்பியதும் கண்ணை மூடினான். புருவம் சுருங்கியது. ஒரு நிமிஷம் ஆகவில்லை, கம்பியைத் துப்பிவிட்டுப் பின்வாங்கினான். முகத்தில் ரத்தம் இல்லை.

"முதலாளி, இது என்னால ஆவாது. குளிர்ல இந்தக் காரைக் கிளப்பாதீங்க." கீழே கிடந்த கம்பியை அவன் எடுக்கவும் இல்லை. போகிறபோது பிச்சுமணியின் அருகில் வந்து, "நீங்க காதாலயே கேளுங்க அண்ணாச்சி. கடிச்சிப் பாத்துராதீங்க" என்றான்.

வேறு ஒருவனாக இருந்தால் எதிராளி தோற்றான் என்று சந்தோஷப்பட்டிருப்பான். பிச்சுமணிக்கோ இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. ஆதம் எதையோ கேட்டிருக்கிறான். பிச்சுமணியின் காதுக்கு எட்டாத ஒன்றைக் கேட்டுவிட்டு, அமுக்கி வைத்திருக்கிறான். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் காலையில் யாரும் எழும் முன்பு காரைக் கிளப்பிவிட்டு அந்தக் கம்பியைக் கடித்தான்.

துருவும் எண்ணெயும், இன்னொருவன் வாயின் புளித்த வாடையும். பிறகு அந்தச் சத்தம். காதில் கேட்டது போல இல்லை. ஒரு கையால் ஆக்ஸிலேட்டரின் ஒயரை இழுத்து இஞ்சினின் வேகத்தைக் கூட்டினான். வேகம் கூடினால் சத்தமும் விரைய வேண்டும். விரையவில்லை. தன்பாட்டுக்கு, நிதானமாக, பூட்டிய அறைக்குள்ளிருந்து ஒருவர் கதவைத் தட்டுவது போலத் தட்டியது. இஞ்சினை அணைத்துவிட்டு வந்து மறுபடி கடித்தான்.

டிக். டிக். டிக்.

அணைந்த இஞ்சினுக்குள்ளிருந்துதான் வந்தது. ஆனாலும் அவன் நினைத்தது இதைத்தான்: ஆதம் கேட்டது இவ்வளவுதானா? இல்லை, இதற்கு மேலும் ஏதாவது கேட்டானா? அந்த நினைப்புத்தான் அவனைக் கம்பியோடு செங்கோட்டை வழியாகப் புளியறைக்கு பஸ் ஏற்றியது.

ஆதமின் மனைவி வாசலிலேயே அழுதாள். "மூணு நாளா காய்ச்சல் அண்ணாச்சி. காய்ச்சல் இறங்கிரக் கூடாதுன்னு அவியளே சொல்லுதாவ. அதுக்குத்தான் வெறகு, கரின்னு ஒரே சூடு. நான் வைத்தியரைக் கூட்டியாரேன், கொஞ்சம் பாத்துக்கிடுங்க."

உள்ளே மூன்று கம்பளிக்குக் கீழே ஆதம் கிடந்தான். கட்டிலடியில் கரிச்சட்டி கனன்றது. வெளியே மத்தியான வெளிச்சத்தைச் சாரல் மறைத்திருந்தது. ஓட்டிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"கடிச்சிட்டீங்களா?" என்றான் ஆதம், கண்ணைத் திறக்காமல்.

"நீ என்னலே கேட்ட? அதைச் சொல்லு."

"சூடா இருக்கவரைக்கும் சத்தமில்ல அண்ணாச்சி. கரி போடுங்க."

கரி மூட்டை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. பிச்சுமணி பார்த்தான். எடுக்கவில்லை. சட்டியில் சிவப்பு மங்கிச் சாம்பல் பூத்தது. மேல் கம்பளி நழுவிக் கிடந்தது. அதையும் இழுத்துப் போர்த்தவில்லை. சொல்ல மாட்டேன் என்கிறான் அல்லவா, சூடு தணியட்டும், நானே கேட்டுக்கொள்கிறேன் என்று இருந்தான். ஆதமின் நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது. உதடு வெளுத்தது. "கரி" என்று ஒருதரம் முனகினான். பிறகு அதுவும் இல்லை.

நெஞ்சு ஏறி இறங்கவில்லை.

பிச்சுமணி கையைத் தொட்டுப் பார்த்தான். சில்லென்று இருந்தது. ஓடிவிட வேண்டும் என்று கால் சொன்னது. ஓடவில்லை.

டிக்.

ஓட்டு நீர் இல்லை.

டிக். டிக்.

கம்பளிக்குள்ளிருந்து வந்தது. கம்பளிகளை விலக்கினான். கம்பியின் நுனியை அந்த நெஞ்சில் ஊன்றினான். மறுநுனியைக் கடித்தான்.

கேட்டது. காரில் கேட்ட அதே தட்டல். ஆனால் பக்கத்தில். அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால் ஒரு கூட்டமே. எல்லாம் தட்டிக்கொண்டு. கிடைத்துவிட்டது. ஆதம் கேட்டது இதுதான். இனி இது பிச்சுமணிக்கும் தெரியும். ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

தட்டல் நின்றது.

கம்பி நகர்ந்தது. அவன் நகர்த்தவில்லை.

சில்லிட்ட ஒரு கை கம்பியைப் பிடித்திருந்தது. நெஞ்சிலிருந்து கழுத்துக்கு. கழுத்திலிருந்து தாடைக்கு. மெதுவாக. பிச்சுமணி வாயைத் திறக்கப் பார்த்தான். பல் விடவில்லை. கத்தப் பார்த்தான். மூச்சு மட்டும் வந்தது.

மூடிய கண்களோடு ஆதம் வாயைத் திறந்தான். தன் பக்கத்து நுனியைப் பல்லில் கடித்தான்.

அன்று இஞ்சினைக் கேட்டபோது போலவே, ஆதமின் புருவம் மெல்லச் சுருங்கியது.