மூடாத டிஸ்க்

அபிஷேகப்பாக்கத்தில் அரங்கநாதன் வீட்டு வாசலில் சேவியர் பைக்கை நிறுத்தியபோது காலை பத்து மணி. வில்லியனூரில் வீடியோ ஸ்டுடியோ வைத்திருப்பவன் அவன். அன்று மதியம் அரங்கநாதனின் மகள் புவனேஸ்வரிக்கு நிச்சயதார்த்தம். செத்துப்போன அம்மா விஜயகுமாரியை மாப்பிள்ளை வீட்டார் டிவியிலாவது ஒருமுறை பார்க்கட்டும் என்று அந்தப் பெண் ஒரே பிடிவாதம். அதற்காகத்தான் பழைய கேசட்டுகளும் லேப்டாப்பும் டிஸ்க் எழுதும் பர்னருமாக வந்திருந்தான்.

"எம்பி4-ஆ போட்டா சீக்கிரம் முடியும்மா. ஆனா ஒங்க வூட்டுப் பழைய பிளேயர்ல ஓடாது," என்றான் புவனேஸ்வரியிடம்.

"எல்லா பிளேயர்லயும் ஓடணும்ணா. லேட்டானா ஆவட்டும்."

அப்படியென்றால் டிவிடி வீடியோவாகத்தான் எழுத வேண்டும். சேவியர் லேப்டாப்போடு இணைத்த பழைய கேமராவில் கேசட்டை மாட்டினான்.

அரங்கநாதன் பக்கத்தில் வந்து குனிந்தார். "இன்னா சேவியர், அந்தப் பொங்கல் கேசட்டு..."

"அன்னிக்கே அழிச்சிட்டேன் அண்ணே."

அழித்தது நிஜம். எட்டு வருடத்துக்கு முன் பொங்கலன்று கிணற்று மோட்டார் கொட்டாய் அருகே ஸ்டாண்டில் ஓடிக்கொண்டிருந்த கேமராவை நிறுத்த மறந்து சாப்பிடப் போய்விட்டான். விஜயகுமாரி தவறி விழுந்தாள் என்று ஊர் நம்பியது. அரங்கநாதன் அவளைக் கிணற்றில் தள்ளியதைக் கேமரா பார்த்திருந்தது. சேவியரும் பிறகு போட்டுப் பார்த்தான். பார்த்துவிட்டு, அந்த கேசட்டின் மேலேயே ஒரு தேர்ப் பவனியைப் பதிவு செய்தான். பயம்தான், வேறென்ன.

மூன்று பகுதிகள் எழுதி முடிந்தன. கடைசி நேரத்தில் யாராவது 'இதையும் சேத்துடு' என்பார்கள் என்று டிஸ்க்கை 'ஃபைனலைஸ்' செய்து மூடாமல் விட்டுவைப்பது அவன் வழக்கம். மூடாத டிஸ்க்கில் இன்னும் எழுதலாம். ஆனால் டிவியில் ஓடாது. லேப்டாப்பை அணைத்துவிட்டு டிபன் சாப்பிடப் போனான்.

திரும்பி வந்தால் பர்னர் சுற்றிக்கொண்டிருந்தது.

லேப்டாப் அணைந்தே இருந்தது.

அறை முழுக்கக் கிணற்றுப் பாசி வாடை. பர்னரின் தட்டு தானாக வெளியே வந்தது. டிஸ்க் நனைந்திருந்தது. அவன் கையை நீட்டுவதற்குள் புவனேஸ்வரி வந்து அதை எடுத்துக்கொண்டாள். "அவங்க வந்துட்டாங்கண்ணா."

"இன்னும் மூடலம்மா, அது ஓடாது."

ஓடியது. கூடம் நிறைய மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருக்க, மெனுவில் நான்கு பகுதிகள் தெரிந்தன. நான்காவதற்குப் பெயர் இல்லை. யாரும் தொடாமலே அது தொடங்கியது. மோட்டார் கொட்டாய். விஜயகுமாரியின் முதுகு. அரங்கநாதனின் இரண்டு கைகள்.

புவனேஸ்வரி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அணைடா," என்றார் அரங்கநாதன்.

சேவியர் பிளக்கைப் பிடுங்கினான். படம் நிற்கவில்லை. கிணற்று விளிம்பில் ஒரு ஈரக் கை ஏறியது. இன்னொரு கை. தலைமுடி. அவள் நிமிர்ந்து கூடத்தையே பார்த்தாள்.

"வாங்க," என்றாள்.

அரங்கநாதன் எழுந்தார். வலது கையை முன்னால் நீட்டியபடி, யாரோ பிடித்து இழுப்பதுபோல, வாசலைத் தாண்டிக் கரும்புத் தோட்டத்துக்குள் போனார். அவர் நடந்த வழியில் அவருக்கு முன்னாலேயே ஈரப் பாதங்கள் பதிந்துகொண்டே போயின. கொஞ்ச நேரத்தில் தண்ணீர்ச் சத்தம். எல்லோரும் கிணற்றுக்கு ஓடினார்கள்.

கூடத்தில் சேவியர் மட்டும்.

கரண்ட் இல்லாத பிளேயர் டிஸ்க்கை வெளியே தள்ளியது. அவன் புத்தி முதலில் அழிப்பதற்குத்தான் போனது. இந்த டிஸ்க்கில் எழுதியதை அழிக்க முடியாது. மூடலாம். மூடிவிட்டால் அவளால் இனி எதையும் சேர்க்க முடியாது. டிஸ்க்கோடு அறைக்கு ஓடி, லேப்டாப்பை ஆன் செய்து, அதைப் பர்னரில் போட்டு, மூடும் பட்டனை அழுத்தினான்.

மூட முடியவில்லை.

மறுபடி அழுத்தினான். டிஸ்க் சுற்றத் தொடங்கியது. திரையில் ஐந்தாவது பகுதி முளைத்தது. அதன் சிறிய படத்தில் லேப்டாப் முன்னால் குனிந்திருக்கும் ஒருவனின் பிடரி தெரிந்தது.

அந்தப் பிடரியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

சேவியருக்குப் பிடரியில் சில்லென்று இருந்தது.