அடுப்பு அணையக் கூடாது

புரட்சிப் படைக்கு முன்னால் பெண்கள் நாங்கள்தான் போவோம். விடியும் முன்பே கிளம்பி, தண்ணீர் இருக்கிற இடமாகப் பார்த்து, விறகு பொறுக்கி, சோளம் அரைத்து வைப்போம். ஆண்கள் வந்து துப்பாக்கியைச் சாய்த்து வைக்கும்போது ரொட்டி சூடாக இருக்க வேண்டும். வழியில் எதிரி பதுங்கியிருந்தால் முதல் குண்டும் எங்களுக்குத்தான். அதை யாரும் பெரிதாகப் பேசியதில்லை. நாங்களும் பேசியதில்லை.

அன்று காலை சான் ஹெரோனிமோ பண்ணைக்கு ஐந்து பேர் போனோம். சிவாவா பாலைநிலத்தின் வடக்குக் கோடி அது. முன்னால் தோமாசா அக்கா, சார்ஜென்ட் பிளாஸின் மனைவி. எங்களில் மூத்தவள். வலது காதின் நுனியை ஏதோ ஒரு சண்டையில் குண்டு கொண்டுபோயிருந்தது. அவளுக்குப் பின்னால் வாயாடி சோனா. வயிற்றில் ஆறு மாதப் பிள்ளையோடு எலோதியா. பீரங்கிச் சத்தத்தில் காது போன மிகாயேலா. கடைசியில் நான், பசிலியா. என் ஆள் லூக்காஸ் அந்தப் படையில்தான் இருந்தான்.

பண்ணைக்குக் கீழே ஒரு சிற்றூர். எங்களைக் கண்டதும் கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. கிணற்றடியில் ஒருத்தி மட்டும் கையில் கழியோடு நின்றாள்.

"கிணத்துல கை வைக்காதீங்க. போன குளிர்காலமே வறண்டு போற வரைக்கும் குடிச்சீங்க. இன்னும் என்ன?"

"நாங்க இந்தப் பக்கமே வந்ததில்ல தாயி," என்றாள் தோமாசா அக்கா.

அவள் எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். கழி மெல்லத் தாழ்ந்தது.

"வந்ததில்லயா? அப்ப மேல பண்ணையில இருக்கிறது நீங்க இல்லயா? தினமும் புகை வருதே."

"அங்க யாரு இருக்கா?"

அவள் கழியைக் கீழே போட்டாள். வீட்டுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு கல் பறந்து வந்து சோனாவின் தோளில் பட்டது.

"மேலயே கிடங்கடி! கீழ வராதீங்க!"

சோனா தோளைத் தேய்த்துக்கொண்டே சிரித்தாள். "விருந்தாளிக்கு ஒரே ஒரு கல்லுதானா? தொட்டுக்க ஒண்ணும் கிடையாதா?"

பண்ணை முதலாளி எப்போதோ எல்லை தாண்டி ஓடியிருந்தான். வாசல் கதவு ஒரு கீலில் தொங்கியது. முற்றத்தில் நுழைந்ததும் வாசனை வந்தது. சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறிய சோளம். அதற்கு அடியில் வேறு ஏதோ தீய்ந்த நாற்றம்.

பிறகு சத்தம். அம்மியில் குழவி ஓடும் சத்தம். ஒரு குழவி அல்ல, நிறைய.

மிகாயேலா குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்தாள். "அதிருது," என்றாள், காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில்.

நாங்கள் அடுக்களை வாசற்படியை மிதித்த கணம் சத்தம் நின்றது.

நூறு கூலியாட்களுக்குச் சமைத்த நீளமான அடுக்களை அது. இரண்டு வரிசையாகத் தரையில் அம்மிகள். ஒவ்வொரு அம்மியிலும் ஈர மாவு. கூரை உத்திரங்கள் கரிந்து கறுத்திருந்தன. மூலையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ரொட்டிக்கல்லில் ஒரு ரொட்டி உப்பி வந்தது.

ஆள் யாரும் இல்லை.

"ஒளியாதீங்கடி," என்று சோனா கூப்பிட்டாள். "நாங்களும் உங்கள மாதிரி படையோட வந்தவங்கதான்."

நான் ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கல்லிலிருந்து எழும்பி, மறுபக்கம் திரும்பி விழுந்தது. காற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுக்களைக்குள் காற்றே இல்லை.

"வேற படைப் பொம்பளைங்க பயந்து ஓடியிருப்பாங்க," என்றாள் தோமாசா அக்கா. "மாவு கிடைச்சுது. வேலையைப் பாருங்க."

அவள் குரலில் அவளே அதை நம்பவில்லை என்பது தெரிந்தது. ஆனால் இரண்டு நாளாக எங்கள் வயிற்றில் ஒன்றும் இல்லை.

ஆண்கள் உச்சி வெயிலில் வந்தார்கள். லூக்காஸ் ரொட்டியைச் சுருட்டிச் சுருட்டி வாயில் போட்டுக்கொண்டான். "மாவுல என்னடி கலந்த? இப்படி இனிக்குது!" அவன் வாயைத் துடைப்பதற்குள் உளவு பார்க்கப் போனவன் குதிரையில் பறந்து வந்தான். மலைக்கு அந்தப் பக்கம் அரசுப் படை. குதிரைப் படை. எங்களைப்போல மூன்று மடங்கு.

கொஞ்ச நேரத்தில் எங்கள் படைத்தலைவர் மேஜர் அரிஸ்மெண்டி அடுக்களை வாசலுக்கே வந்தார். எங்கள் பக்கம் அவர் வந்ததே கிடையாது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். 

"நாங்க கணவாய் வழியா நழுவணும்," என்றார். "அவங்க மலை மேல இருந்து தூரக்கண்ணாடியில பார்த்துட்டு இருப்பாங்க. புகை வந்துட்டே இருந்தா படை இங்கதான் சாப்பிடுதுன்னு நினைப்பாங்க. சாயங்காலம் வரைக்கும் அடுப்பு அணையக் கூடாது. இருட்டினதும் குதிரை அனுப்பறேன்."

"அந்தக் குதிரையை இப்பவே விட்டுட்டுப் போங்களேன்," என்றாள் தோமாசா அக்கா.

"குதிரை பத்தாது."

"துப்பாக்கி?"

"அதுவும் பத்தாது."

"பத்தாததெல்லாம் எங்க பங்குக்கு," என்றாள் சோனா. "நல்லாருக்கு மேஜர் உங்க நியாயம்."

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பிளாஸ் குதிரையின் பக்கத்தில் நின்று, "சத்தியமா வந்துருவேன்டி," என்றான்.

"என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லு," என்றாள் தோமாசா அக்கா.

அவன் சேணத்து வாரை இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

சோனாவின் ஆள் ரமோன் அவள் கண்ணிலேயே படாமல் நழுவிவிட்டான். லூக்காஸ் நாங்கள் சுமந்து வந்த தண்ணீர்ப்பானையிலிருந்து தன் தோல்குடுவையை வாய்வரை நிரப்பினான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்கும் தெரியும் நான் பார்ப்பது. கடைசியில் எங்களுக்கு மிஞ்சியது அரைப் பானைத் தண்ணீர்.

அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் புழுதிக் காற்று கிளம்பியது. வெளிச்சம் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகியது. பகல்தான். ஆனால் அடுக்களைக்குள் எதிர்ச்சுவர் தெரியவில்லை.  விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தோம்.

என் முதுகுக்குப் பின்னால் ஒரு குழவி உருண்டது.

மிகாயேலா என்று நினைத்தேன். அவள் எனக்கு எதிரே விறகோடு நின்றுகொண்டிருந்தாள்.

இன்னொரு குழவி. பிறகு இரண்டு வரிசையும்.

திரும்பினேன். பழுப்பு வெளிச்சத்தில் முதுகுகள். மண்டியிட்ட பெண்கள். சால்வைகளின்மேல் சாம்பல் படிந்திருந்தது. கைகள் முன்னும் பின்னும் போய் வந்தன. தலை ஒன்றும் நிமிரவில்லை.

எனக்கு அருகில் இருந்தவள், திரும்பாமலே, கிசுகிசுத்தாள்.

"திரும்பி வர்றேன்னு சொன்னாங்களா?"

தோமாசா அக்கா என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"எங்ககிட்டயும் சொன்னாங்க."

"இருட்டினதும் வருவாங்க," என்றது வரிசையின் கோடியிலிருந்து ஒரு குரல்.

"வருவாங்க," என்றன எல்லாக் குரல்களும். "அடுப்பு அணையக் கூடாது."

எலோதியா அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். கதவு திறந்துதான் இருந்தது. அவளால் தாண்ட முடியவில்லை. அந்தப் புழுதிக்குள்ளிருந்து ஒரு கை வந்து அவள் பின்னலைப் பிடித்தது. தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து ஓர் அம்மியின் முன்னால் அழுத்தியது. அவள் முட்டி தரையில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது.

"அரை."

"பிள்ளத்தாச்சிடி அவ!" என்று கத்தினேன்.

"எங்கள்லயும் ஒருத்தி இருந்தா."

என் பிடரியில் ஒரு கை விழுந்தது. அடுப்படியில் கிடக்கிறவளின் கை சுடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது கிணற்றுக்கல்போலக் குளிர்ந்தது. என் முட்டி மடிந்தது. என் கைகள் தாமாகவே குழவியைப் பற்றின. அரைத்தேன். நிறுத்த நினைத்தேன், நிற்கவில்லை. மாவு சிவந்தது. என் விரல்முட்டியின் தோல் கல்லில் உரிந்துகொண்டிருந்தது.

பக்கத்திலிருந்தவளின் சால்வை சரிந்தது. அந்தப் பக்கம் முகம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. கூரை ஏன் கரிந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. போன குளிர்காலத்தில் வந்த படையும் தன் பெண்களை இங்கே புகைக்காக விட்டுவிட்டுப் போயிருக்கிறது. ஏமாந்த எதிரி கோபத்தோடு வந்து, அடுக்களையைப் பூட்டிக் கொளுத்தியிருக்கிறான்.

"நாங்க மட்டும் கிடக்கணுமா?" என்று அவள் என் காதில் சொன்னாள். "நீங்களும் கிடங்க."

தோமாசா அக்கா ஒருத்திதான் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். அவள் பாவாடையைப் பல கைகள் பற்றியிருந்தன. ஓர் அடி, இன்னோர் அடி என்று இழுத்து இழுத்து, தண்ணீர்ப்பானை இருந்த இடத்துக்குப் போனாள்.

அதை விட்டால் எங்களுக்குத் தண்ணீர் கிடையாது. கீழே ஊரில் கல்தான் கிடைக்கும்.

அவள் பானையைத் தூக்கி அடுப்பில் கவிழ்த்தாள்.

சீறல். வெண்ணிற ஆவி. பிறகு கருநிறச் சேறு.

குழவிகள் நின்றன.

"யார் அணைக்கச் சொன்னது?"

"நான்தான்டி சொன்னேன்."  தோமாசா அக்கா பின்வாங்கவில்லை. "மேஜர் சொல்லல. உங்க ஆம்பளைங்க சொல்லல. நான் சொன்னேன். ஒருத்தனும் வரல. உங்களுக்கும் வரல, எங்களுக்கும் வரப்போறதில்ல. இன்னும் எவ்வளவு நாள்டி முட்டி போட்டே கிடப்பீங்க? எழுந்திருங்க!"

 புழுதி சுவரில் உரசும் சத்தம் மட்டும்.

பிறகு எலும்புகள் நெரியும் ஓசை. ஒருத்தி எழுந்தாள். அடுத்தவள். வரிசை முழுவதும் எழுந்தது.

"எந்தப் பக்கம் போனாங்க?"

தோமாசா அக்கா வாய் திறக்கவில்லை. எலோதியா அழுதுகொண்டிருந்தாள். நான் என் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"கணவாய் வழியா," என்றாள் சோனா.

அவளும் எழுந்து நின்றாள். விரல்களிலிருந்து இரத்தம் சொட்டியது. அவள் முகத்தில் பயமே இல்லை. "வாங்க, வழி காட்டறேன்," என்றாள், சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போகிறவள்போல. தோமாசா அக்கா பாய்ந்து பிடித்தாள். சால்வைதான் கையில் வந்தது. அந்தப் பெண்களுக்கு நடுவே சோனா புழுதிக்குள் இறங்கிப் போனாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நாங்கள் நாலு பேரும் எதிர்ப்பக்கமாக ஓடி, வறண்ட ஓடைப் பள்ளத்தில் விழுந்து கிடந்தோம். புழுதி அடங்கியதும், புகை நின்றதைக் கண்டு அரசுப் படை மலையிலிருந்து இறங்கியது. பண்ணையைச் சுற்றிவிட்டுக் கணவாயை நோக்கிக் குதிரைகளை விரட்டியது. பொழுது சாய்வதற்குள் அதே குதிரைகள் தறிகெட்டுத் திரும்பி ஓடிவந்தன. சிலவற்றின் மேல் ஆள் இல்லை. எங்கள் பள்ளத்தின் ஓரமாகப் போன ஒரு சிப்பாய் மாதாவின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதுகொண்டே போனான்.

விடிந்த பிறகு கணவாய்க்குப் போனோம்.

பாறையில் முதுகைச் சாய்த்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். துப்பாக்கிகள் மடியில். பந்திக்குக் காத்திருப்பவர்கள்போல. எவன் உடம்பிலும் குண்டுக் காயம் இல்லை. எல்லோருடைய வாயும் பிளந்து கிடந்தது. உள்ளே, தொண்டைவரை, ஈரச் சோள மாவு.

தோமாசா அக்கா பிளாஸின் முன்னால் உட்கார்ந்து, அவன் வாயிலிருந்து மாவை விரலால் தோண்டி எடுத்தாள். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. கடைசியில் கையை மணலில் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

நான் லூக்காஸின் பக்கத்தில் போனேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். அவன் இடுப்பில் தோல்குடுவை இன்னும் பாதி கனத்தது. அவிழ்த்து எடுத்தேன். எலோதியாவுக்கு முதலில் கொடுத்தேன். பிறகு நாங்கள் குடித்தோம்.

சோனாவைத் தேடினோம். கிடைக்கவில்லை.

"அக்கா, இப்படி ஆகும்னு உனக்குத் தெரியுமா?" என்று வழியில் கேட்டேன்.

"தண்ணி ஊத்தினப்ப தெரியாது." கொஞ்ச தூரம் நடந்தாள். "எழுந்திருங்கன்னு சொன்னப்ப..."

அவள் சோனாவின் சால்வையைத் தோளில் இறுக்கிக்கொண்டாள். 

அடுத்த கோடையில் வேறொரு படையோடு எல்லை ஆற்றங்கரைக்கு வந்தோம். வேறு பிழைப்பு ஏது? எலோதியாவின் மகள் அவள் முதுகில் தூங்கிக்கொண்டிருந்தாள். பட்டப்பகல். ஆறு பெருகி ஓடியது. இருந்தது ஒரே ஒரு படகு. பின்னால் எதிரி வருவதாகச் செய்தி.

கேப்டன் இளவயதுக்காரர். எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"பொம்பளைங்க இங்கயே இருங்க. நாங்க அக்கரை போய்ச் சேர்ந்ததும் படகைத் திருப்பி அனுப்..."

பேச்சு அறுந்தது. அவர் பார்வை எங்கள் தோள்களைத் தாண்டிப் போயிருந்தது. முகம் வெளிறிப்போனது.

"எத்தனை பேர் நீங்க?" என்றார். 

"நாலு பேர், கேப்டன்," என்றாள் தோமாசா அக்கா.

அவர் உதடுகள் எண்ணிக்கொண்டே போயின. நாலில் அவை நிற்கவில்லை.

"ஏறுங்க," என்றார். "நீங்க முதல்ல ஏறுங்க. எல்லாரும்."

விலகி வழிவிட்டு, தொப்பியைக் கழற்றித் தலையைக் குனிந்துகொண்டார். நாங்கள் திரும்பிப் பார்க்காமல் ஏறினோம். நாலு பேரும் பலகையில் உட்கார்ந்த பிறகும், படகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் தாழ்ந்துகொண்டே இருந்தது.