பதினொரு நிமிடம்

புதிதாக ஒருவனுக்குத் தூக்கு உறுதியாகியிருந்தது. கயிறு சோதிக்க, நல்ல வெயில் நேரத்தில் தூக்குக்காரர் சிறைக்கு வந்தார். கைதியின் எடைக்கு மணல் மூட்டை கட்டித் தொங்கவிட்டு, கயிறு தாங்குகிறதா என்று பார்ப்பது வழக்கம். மூட்டையை எடுத்துவர வார்டர் கிடங்குக்குப் போயிருந்தான்.

தூக்குக் கொட்டகைக்குள் அதே எண்ணெய் வாடை. ஆறு வருடமாகியும் மாறவில்லை.

போன தடவை தொங்கியவன் ஒரு சின்னப் பெண்ணைக் கொன்றவன். கயிற்றின் நீளம் தப்பாகிப்போய் அவன் கழுத்து ஒடியவில்லை. பலகைக்குக் கீழே குழிக்குள் உதைத்துக்கொண்டே இருந்தான். தொண்டை கிழிகிற சத்தம் மேலே வரை வந்தது. அப்படி ஆனால் தூக்குக்காரர் கீழே இறங்கி, காலைக் கட்டிப்பிடித்து இழுத்து முடித்துவிட வேண்டும். இவரோ படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இழுத்து விடுங்கண்ணே," என்று வார்டர் கெஞ்சினான்.

"என்ன அவசரம்? அந்தப் புள்ளை துடிச்சப்ப யாரு அவசரப்பட்டா?"

பதினொரு நிமிடம். நீதிபதி எழுதியது சாவை மட்டும்தான். மிச்சத்தை இவர் சேர்த்தார். அன்று அது நியாயமாகப் பட்டது, சொல்லப்போனால் இனித்தது. அந்த இனிப்புதான் இன்றுவரை அவரைத் தூங்கவிடவில்லை. இந்த ஒருவனையாவது துடிக்கவிடாமல் அனுப்பினால் மனசு ஆறும் என்று நம்பி வந்திருந்தார்.

வெயிலில் இருந்து வந்த கண்ணுக்கு உள்ளே சரியாகத் தெரியவில்லை. மேடையில், கயிற்றின் முனையில் மூட்டை தயாராக இருந்தது. பயல் அதற்குள் மாட்டிவிட்டானே என்று நினைத்துக்கொண்டு லீவரை இழுத்தார்.

பலகை திறந்தது. கயிறு விறைத்தது.

விறைத்த கயிறு ஆடியது.

நிற்கவில்லை.

குழிச் சுவரில் குதிகால் மோதுகிற சத்தம்.

விழுந்தடித்துக்கொண்டு இறங்கினார். இருட்டு. மூத்திர வாடை. துடித்ததைக் கட்டிப்பிடித்தார். சூடாக இருந்தது. ஒரு முழங்கால் அவர் வாயில் மோதிப் பல்லை உடைத்தது. அவர் விடவில்லை.

"மன்னிச்சிடுப்பா. இதோ முடிச்சிடறேன்."

வாயில் ரத்தம் ஒழுக, அழுதுகொண்டே, முழு எடையோடு தொங்கினார். தலைக்கு மேல் கடக்கென்று ஒடிந்தது. துடிப்பு அடங்கியது.

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. ஆறு வருடத்தில் முதல் தடவையாக நெஞ்சு லேசானது.

மேலே காலடிச் சத்தம். பாரமான எதையோ யாரோ தொப்பென்று இறக்கி வைத்தார்கள்.

"மூட்டையக் கொண்டாந்துட்டேண்ணே," என்றான் வார்டர். "எங்க இருக்கீங்க?"

பதில் சொல்ல அவர் வாயைத் திறப்பதற்குள், தலைக்கு மேலிருந்து வேறொரு குரல் மெதுவாகக் கேட்டது.

"என்ன அவசரம்?"

அவர் கைக்குள் இருந்த கால்கள் மறுபடி உதைக்கத் தொடங்கின.