ஐந்து மணிக்குள் உலர வேண்டிய அங்கிகள்

துணி உலர்த்தும் ட்ரையரின் சல்லடையில் ஒட்டியிருந்த பஞ்சு பச்சையாக இருந்தது.

வெண்டல் ஸ்டோர்லி அதைச் சுருட்டி எடுத்து, நிலவறையின் ஒற்றைக் குழல்விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தார். டிரம்முக்குள் அவர் போட்டிருந்தவை வெள்ளை அங்கிகள். பதினான்கு. மாலை ஐந்து மணிக்கு, டிசம்பர் மாதத்து லூசியா திருநாள் ஊர்வலத்தில், தலையில் மெழுகுவத்திக் கிரீடம் சூடி நடக்கப்போகும் சிறுமிகளுக்கானவை. வெள்ளைத் துணி வெள்ளைப் பஞ்சைத்தான் விடும். இதுவோ காய்ந்த பாசிபோல மங்கிய பச்சை. முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவர்களின் சட்டைக்கு மட்டுமே உரிய பச்சை. அந்தச் சட்டை போட்ட ஒருத்தி இந்த நிலவறையில் மூன்று வருடம் குடியிருந்தாள். ட்ரையருக்கு நேரெதிரே இருக்கும் அந்தக் கதவுதான் அவள் அறை. பிப்ரவரியிலிருந்து அது காலி.

பழைய பஞ்சு, எங்கேயோ உள்ளே தங்கியிருந்தது, இப்போது வருகிறது என்று அவர் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். பிறகு விரலைக் கால்சட்டையில் துடைத்தார். இன்னொரு முறையும் துடைத்தார்.

அங்கிகளைத் தொட்டால் சில்லென்றிருந்தன. ஒரு மணி நேரம் சுற்றியும் ஈரம் போகவில்லை. மணி இரண்டே முக்கால்.

ஸ்டோர்லி வீட்டில் எந்தப் பொருளும் கெட்டுப்போவதில்லை, சிறிது ஓய்வெடுக்கும். இருபத்தாறு வயதான இந்த கேஸ் ட்ரையரும் அப்படித்தான். மூன்று வாரம் முன்பு சபைக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்று (எழுந்து நிற்கத் தேவையில்லாத இடத்தில் எழுந்து நிற்பது அவர் பழக்கம்), அங்கிகளைச் சலவைக்கடைக்கு அனுப்புவது நல்ல நிர்வாகம் ஆகாது என்றும், தம் வீட்டு இயந்திரமே போதும் என்றும் அறிவித்திருந்தார். டுலூத் நகரின் அந்தச் சிறு தேவாலயத்தில் அவர் பதினொரு வருடமாகச் சபைத் தலைவர். போட்டியின்றித் தேர்வாகிறவர். அந்த வேலை வேறு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை என்பதை அவர் அன்பு என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

கீழ்ப்பலகையைக் கழற்றிவிட்டு மண்டியிட்டுப் பார்த்தார். முதலில் பற்றவைக்கும் தண்டு சிவந்தது, சிவப்பு ஆரஞ்சானது, ஆரஞ்சு வெளுத்தது. வால்வு ‘க்ளிக்’ என்றது. நீலச் சுவாலை குழலுக்குள் பாய்ந்தது. எல்லாம் ஒழுங்கு. இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு ‘க்ளிக்’. சுவாலை நின்றது. டிரம் மட்டும் ஈர அங்கிகளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. தொப். தொப். தொப். ஏரியிலிருந்து வந்த காற்று கண்ணாடிக்கல் ஜன்னலுக்கு வெளியே பனித்தூளை அரைத்துக்கொண்டிருக்க, சோப்பும் சூடான தகரமும் கலந்த வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை, வெளுப்புத்தூளும் களைத்த உடம்புமாக, வேலை முடிந்து வந்து யாரோ காலணியைக் கழற்றியதுபோல மெதுவாக எழுந்தது.

அவர் தொலைபேசியை எடுத்தார்.

"ஓர்வ், உன்கிட்டக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்னு இல்ல. சும்மா ஒத்துப் பாக்கலாம்னு."

ஓர்வ் நாற்பது வருடமாக ஊரின் அடுப்பும் ட்ரையரும் பழுதுபார்த்தவன். வெண்டலுக்கு மட்டும் இலவசமாக.

"தெரியும், தெரியும். சொல்லு தலைவரே, எது செத்துச்சு?"

"சாகல. சூடு கம்மியா இருக்கு."

"நெருப்பு பத்துதா?"

"பத்துது. ரெண்டு நிமிஷத்துல நின்னுடுது. திரும்பப் பத்த ரொம்ப நேரம் ஆகுது."

"வால்வு மேல இருக்கற காயிலு?"

"அது நல்லாத்தான் இருக்கு. நானே மாத்தினது."

"நீ மாத்தினதா? அப்ப அதையும் பாரு." ஓர்வ் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். "காத்து போகலைன்னா உள்ள சூடு ஏறி அதுவே நின்னுக்கும். பின்னால குழாயைக் கழட்டிட்டு அஞ்சு நிமிஷம் ஓட்டு. நல்லா காஞ்சா அடைப்பு குழாய்ல. ஆனா அஞ்சே நிமிஷம், வெண்டல். உடனே மாட்டிடு. கேஸ் மெஷினு, புகை பூரா வீட்டுக்குள்ள வரும். உனக்கு நான் சொல்லணுமா? அந்தப் பொண்ணு..."

"அவளே கழட்டினா."

"அப்படித்தான் பேப்பர்ல போட்டிருந்தாங்க," என்றான் ஓர்வ்.

பேப்பரில் அப்படித்தான் போட்டிருந்தார்கள். குளிருக்காகக் குழாயைத் தானே கழற்றி வைத்துக்கொண்ட டோரீன் நீமி, நாற்பத்து நான்கு வயது, நச்சுப்புகையால் தூக்கத்தில் இறந்தாள். பேப்பருக்குச் சொன்னவர் போலீஸ் அதிகாரி. போலீஸ் அதிகாரிக்குச் சொன்னவர் வெண்டல் ஸ்டோர்லி. அடக்கத்தன்று வந்த மலர்வளையங்களில் பெரியது அவருடையது.

இயந்திரத்தைச் சுவரிலிருந்து இழுத்தார். தரையில் தகரம் கீச்சிட்டது. குழாயின் வளையத் திருகைத் தளர்த்தி, கைவிட்டார். பஞ்சு. பிடித்து இழுத்தார். கயிறு திரித்ததுபோல வந்தது. பச்சையாக, ஈரமாக, உள்ளங்கைச் சூட்டோடு. கை மாற்றிக் கை மாற்றி இழுக்க இழுக்க, தரையில் சுருண்டு விழுந்துகொண்டே வந்தது. சுவர் வரைக்கும் குழாயின் நீளம் நாலடி. தரையில் கிடந்தது நாலடிக்கு மேல் இருந்தது. அளந்து பார்த்திருக்கலாம். அவர் அளக்கவில்லை.

குனிந்து குழாய்க்குள் பார்த்தார். மறுமுனையில் வெளியுலகம் சிறு வட்டமாக, பனி வெளிச்சமாகத் தெரிந்தது. பிறகு தெரியவில்லை. பிறகு தெரிந்தது. மறைந்தது. தெரிந்தது.

இமைபோல.

அவர் மாடிப்படியேறி, சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தார். குழாய் வாய்க்கு முன்னால் யாரும் இல்லை. பனியில் ஒரு காலடித்தடம்கூட இல்லை. நாய்த்தடம்கூட இல்லை. காற்று மூடியை ஆட்டுகிறது என்று சத்தமாகச் சொன்னார். ஆளில்லாத வீட்டில் அந்த வாக்கியம் சபைக் கூட்டத்தில் சொன்னதுபோலவே ஒலித்தது. யாரும் மறுக்கவில்லை.

கீழே இறங்கி, குழாயில்லாமலே ட்ரையரை ஓட்டினார்.

என்ன சூடு! பின்வாயிலிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று குபுகுபுவென்று வந்து அவர் முழங்காலைத் தழுவியது. சுவாலை நிற்கவே இல்லை. ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து ஆயிற்று. இரண்டு அங்கிகள் சருகாகக் காய்ந்து வந்தன. குழாயைத் திரும்ப மாட்டினால் மறுபடி அந்த வட்டத்துக்குள் பார்க்க வேண்டியிருக்கும். மாட்டாவிட்டால் நாலரைக்குள் பதினான்கும் முடிந்துவிடும். ஒரு மணி நேரம்தானே. அதோடு, வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. இத்தனை சூட்டையும் தெருவுக்கு விடுவதா? பஞ்சு பறக்காமலிருக்க, அலமாரியில் மனைவி மார்லிஸ் போட்டு வைத்திருந்த பழைய நைலான் காலுறை ஒன்றை எடுத்துப் பின்வாயில் மாட்டி, ரப்பர் வளையம் போட்டார்.

கை அதைத் தயங்காமல் செய்தது. பழகிய கை.

போன ஜனவரியில் செய்தது இதேதான். நிலவறையில் குளிருகிறது, ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டுங்கள் என்று டோரீன் கேட்டாள். ஹீட்டரைக் கூட்டுவது வீண். தெருவுக்குப் போகும் ட்ரையர் சூட்டை உள்ளே திருப்பினால் போயிற்று. அவர் சின்ன வயதில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள்; அவையெல்லாம் புகை விடாத மின்சார ட்ரையர்கள் என்பது நினைவுக்கு வந்தபோதும், அந்த ஏற்பாட்டின் அழகு அவரை விடவில்லை. பத்து நாள் கழித்து அவள் படியருகே வந்து நின்றாள்.

"மிஸ்டர் ஸ்டோர்லி, காலையில எழுந்தா தலை பிளக்குது. வாந்தி வருது. அந்தக் குழாயினாலயா இருக்குமோ?"

"டோரீன், நீ ராத்திரி பகல்னு வேலை பாக்கற. ஓய்வெடும்மா."

அவள் ஓய்வெடுத்தாள். போலீஸ் வருவதற்குள் அவர் காலுறையை எடுத்து எரித்துவிட்டு, குழாயைத் தரையில் போட்டார். அவளே கழற்றியதுபோல.

அதற்குப் பிறகு சட்டப்படி சுவரில் நச்சுவாயு அலாரம் மாட்டப்பட்டது. மாட்டும்போது புகைப்படமும் எடுக்கப்பட்டது. அதன் ஒன்பது வோல்ட் பேட்டரி இப்போது தேவாலயத்தின் கையடக்க மைக்கில் இருந்தது. வரவேற்புரைக்காக.

நான்கு மணிக்கு ஜன்னல் நீலமாகியது. நாலு ஐந்துக்குத் தொலைபேசி அடித்தது. மார்லிஸ். பின்னணியில் தேவாலயக் கூடத்தின் காபிக் கோப்பைச் சத்தம், சிறுமிகளின் கூச்சல்.

"வெண்டல், எத்தனை காஞ்சுது?"

"ஒம்பது. நான் சொன்னேன்ல?"

"சரி." அவள் வைக்கவில்லை. "எய்லா இங்க நிக்கறா. டோரீனோட அக்கா. கேக் வெட்ட உதவிக்கு வந்தா."

"நல்லது."

"வெண்டல், போன குளிர்காலத்துல என் காலுறை ஒண்ணு காணாமப் போச்சு. நான் தேடினேன். நீயும் கூடச் சேர்ந்து தேடின. நீ எப்பவாச்சும் என்கூடச் சேர்ந்து எதையாவது தேடியிருக்கியா? அந்தக் குழாயைக் கழட்டினது யாரு?"

அவர் பின்வாயைப் பார்த்தார். காலுறை காற்றில் உப்பி நின்றது. பாதம், குதிகால், விரல்கள் எல்லாம் தெரிந்தன. யாரோ அணிந்திருப்பதுபோல.

"இதைப் பேசற நேரமா இது?"

"பத்து மாசமா நேரம் வரல. எய்லாவோட பொண்ணை ஸ்கூல்ல கேலி பண்றாங்களாம், உங்க சித்தி முட்டாள்தனத்தால செத்தான்னு. நான் ஃபோனை அவகிட்டக் குடுக்கறேன். ஒரு வார்த்தை சொல்லு. சொல்லிட்டு மேல ஏறி வந்துடு. மிச்சத்தை நாம ரெண்டு பேரும் சேர்ந்து பாத்துக்கலாம்."

"மிஸ்டர் ஸ்டோர்லி?" அக்காவின் குரல். தங்கையின் அதே குரல். "நான் சண்டைக்கு வரல. கோர்ட்டுக்குப் போகல. அவ பண்ணலைன்னு நீங்க சொன்னாப் போதும்."

அவருக்கு நெற்றியைச் சுற்றி ஒரு இறுக்கம், அளவு சிறிய தொப்பியை அழுத்தி வைத்ததுபோல. ஒரு வார்த்தை. வாயில் அது வந்து நின்றதுகூட உண்மை. அதற்குள் பதினொரு வருடம் அவர் தொண்டையைச் செருமியது.

"எய்லா, உன் தங்கச்சி நல்ல பொண்ணு. ஆனா அவளேதான் கழட்டினா. நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். ஆண்டவர் அவளுக்கு இளைப்பாறுதல் குடுக்கட்டும்."

வாக்கியம் முடிந்தது. பர்னர் அணைந்தது.

மறுமுனையில் யாரோ அழுதார்கள். பிறகு தொடர்பு போயிற்று.

தொப். தொப். டிரம் மட்டும் சுற்றியது. இன்னும் ஐந்து அங்கிகள். அவர் குனிந்தார்; முழங்கால் சொன்னபடி கேட்கவில்லை. மண்டியிட்டவர் அப்படியே சரிந்து, தரையில் வயிறு பதியப் படுத்துக்கொண்டார். கன்னத்துக்குச் சிமெண்டு இதமாக இருந்தது. கீழ்த்திறப்புக்குள் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. தண்டு சிவந்தது. ஆரஞ்சு. வெள்ளை. க்ளிக். நீலச் சுவாலை.

சுவாலை ஒரு பக்கமாக வளைந்தது.

அணைந்தது.

வால்வு மூடவில்லை. சுவாலையின் சூடு ஆறும்வரை அது மூடாது. கேஸ் வந்துகொண்டே இருக்கும். அழுகிய முட்டை வாசனை. அவருக்குத் தெரியும். எழ வேண்டும். கையை ஊன்றினார். கை ஊன்றவில்லை. கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

மறுபடி தண்டு. சிவப்பு. க்ளிக். நீலம்.

வளைந்தது. அணைந்தது.

காற்று அல்ல. குழாய் அல்ல. வேறு யாரோ.

அவர் பர்னருக்கு அப்பால் பார்த்தார். இயந்திரத்தின் அடியில், சுவரோரம். அங்கேயும் சிமெண்டில் ஒரு கன்னம்.

அவரைப் போலவே படுத்திருந்தாள். முகம் அவரை நோக்கி. செத்தவர்களுக்கு இருக்கக்கூடாத நல்ல சிவப்பு, இப்போதுதான் பனியிலிருந்து உள்ளே வந்ததுபோல. கண் இமைக்கவில்லை. பச்சைக் காலர். கோபம் எதுவும் தெரியவில்லை. வேலை நேரம் முடியக் காத்திருக்கும் ஒருத்தியின் பொறுமை மட்டும்.

"நான்தான்," என்றார் அவர். குரல் வரவில்லை. உதடு தரையில் அசைந்தது. "நான்தான் கழட்டினேன்."

மைக் இல்லை. கேட்க ஆளில்லை. அவளுக்கோ முன்பே தெரியும்.

தண்டு. சிவப்பு. க்ளிக். நீலம்.

அவள் உதட்டைக் குவித்தாள். பிறந்தநாள் கேக்கின் முன் குழந்தை குவிப்பதுபோல. ஊதினாள்.

இருட்டு. முட்டை வாசனை கண்ணைக் கரித்தது. டிரம் சுற்றியது. அங்கிகள் விழுந்தன. கேஸ் சீறியது. சீறியது. சீறியது.

அவள் அசையவில்லை. இம்முறை உதட்டைக் குவிக்கவும் இல்லை.

இரண்டு முகங்களுக்கும் நடுவே, பற்றவைக்கும் தண்டு மெல்லச் சிவக்கத் தொடங்கியது.