ஓடுபாதையில் ஒரு சாவு வேண்டும்!

"ஐயோ... பொணம்!"

பால் சொம்போடு வேலியோரம் வந்த குப்பம்மா போட்ட அலறலில், பருத்திப்பட்டு ஏரிக்கரைக் காலனியே வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடி வந்தது.

காலனியை ஒட்டி யுத்த காலத்து விமானத் தளம். இப்போதும் எப்போதாவது ப்ளேன் இறங்கும். சுற்றிலும் முள்கம்பி வேலி. வேலிக்கு உள்ளே, ஓடுபாதையில், மண்டை பிளந்து கிடந்தான் துலுக்கானம்.

குடிகாரன். அழ நாதி கிடையாது. உயிரோடு இருந்தவரை எட்டிப் பார்க்காத ஜனம், இப்போது எக்கி எக்கிப் பார்த்தது!

காலனித் தலைவர் தசரதன் மட்டும் பிணத்தைப் பார்க்கவில்லை. ஆவடி ரோட்டையே பார்த்தார்.

ஆபீசர் வருவாரா...?

ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி. குறுக்கே போனால் கூப்பிடு தூரம். சுற்றினால் ஐந்து மைல். போன வருஷம் மூத்த மகளைப் பிரசவ வலியோடு மாட்டு வண்டியில் ஏற்றிச் சுற்றினார். பாதி வழியிலேயே தாயும் போனாள், பிள்ளையும் போயிற்று.

இப்போது இளையவள் பேபிக்கு மாசம் நிறைந்துவிட்டது.

வேலியில் ஒரு கேட்டு வையுங்கள் என்று வருஷக் கணக்காய்க் காலனி மனு போடுகிறது. அதிகாரிகள் வருவார்கள். இளநீர் குடிப்பார்கள். போவார்கள்.

போன மாசம் வந்த, தளத்து நிலத்துக்குப் பொறுப்பான எஸ்டேட் ஆபீசர் பக்தவத்சலம்தான் வாயைத் திறந்தார்.

"வேலிக்குள்ள எவனாச்சும் செத்தானா?"

"எம் பொண்ணு வண்டியில செத்தாளே சார்..."

"அது ரோடு. என் லிமிட் இல்ல. இங்க ஒரு சாவு விழட்டும்யா... ஃபைல் தானா ஓடும்!"

விழுந்துவிட்டது!

போலீஸ் ஜீப் வந்து நின்றது. பக்தவத்சலம் இறங்கினார். கூடவே இன்ஸ்பெக்டர் குணசேகரன்.

தசரதன் முந்திக்கொண்டார். "பாத்தீங்களா சார் அநியாயத்த! குறுக்கால பூந்தவன ஏரோப்ளேன் அடிச்சிட்டுப் பூட்ச்சு. கேட்டும் காவலும் இருந்தா இப்டி ஆவுமா?"

பக்தவத்சலம் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்தினார். "கவலைய வுடு. இன்னிக்கே ஆர்டர் போடறேன்."

தசரதனுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. "கேட்டுக்கா சார்?"

"சுவத்துக்கு! பத்தடி உயரம்... மேல கண்ணாடிச் சில்லு. சாவு விழற எடத்துல எவன்யா கேட்டு வெப்பான்?"

"யோவ்!" தசரதன் வெடித்தார். "சாவு விழணும்னு நீதானே சொன்னே? அதுக்குத்தானே நான் அவன..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். கடித்து என்ன புண்ணியம்?

காலனி மொத்தமும் வாயில் கை வைத்தது. உள்ளுக்குள் திருப்திதான்... பேரன் காலம் வரைக்கும் பேச விஷயம் கிடைத்துவிட்டதே!

குணசேகரன் விலங்கை எடுத்தார். "ஒரு வாரமா இங்க ப்ளேனே எறங்கலியேன்னு யோசிச்சேன். மிச்சத்த ஸ்டேஷன்ல வந்து சொல்லு. போலீஸ் ஜீப்புக்குத் தளத்து மெயின் கேட்டத் தொறப்பாங்க... குறுக்கால போனா ரெண்டு நிமிஷம்!"

ஜீப் உறுமியது.

"இன்னாய்யா நின்னுகினு கீறே!" தலைவிரி கோலமாக ஓடி வந்தாள் மனைவி எல்லம்மா. "பேபிக்கு வலி கண்ட்ச்சு!"

விலங்கு மாட்டிய கைகளைக் கூப்பினார் தசரதன். "நைனா... ஆஸ்பத்திரி போற வழியிலதான் கீது. எம் பொண்ணையும் ஏத்திக்கோ. காலுக்குச் செருப்பாக் கெடக்கறேன்!"

குணசேகரன் ஜீப்பின் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"இதுல அக்யூஸ்டு மட்டும்தான்யா ஏறலாம். ஓடிப் போய் யாரையாச்சும் போட்டுத் தள்ளிட்டு வரச் சொல்லு... வெயிட் பண்றேன்!"