கடவில் தண்ணீர்

வண்டிகளோடு பேசும் வானொலிப் பெட்டியில் கிசோகா சிங்கத்தின் பெயரைச் சொன்னான்.

அய்காவுக்குச் சுருக்கென்றது. செரெங்கெட்டியில் வண்டி ஓட்டும் எவனும் பெட்டியில் 'சிம்பா' என்று சிங்கத்தின் ஸ்வாஹிலிப் பெயரை வாய்விட்டுச் சொல்லமாட்டான். வந்து இறங்கிய அன்றே பயணிகள் கற்றுக்கொள்ளும் முதல் வார்த்தை அது. காதில் விழுந்தால் குதிப்பார்கள். போய்ச் சேர்வதற்குள் சிங்கம் எழுந்து போய்விட்டால் ஓட்டுநரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். அதனால் ஓட்டுநர்கள் தங்களுக்குள் 'தாடிக்காரன்' என்பார்கள். கிசோகாவே சூட்டிய பெயர்தான்.

முகாம் அலுவலகத்தில் அவள் மட்டும் இருந்தாள். எந்த வண்டி எந்த வழியில் போகவேண்டும் என்று தினமும் காலையில் திட்டம் போடுவது அவள் வேலை. கிசோகா அவள் கணவன். பகலெல்லாம் காய்ந்த தகரக் கூரை சாயங்காலக் காற்றில் சடசடத்துக்கொண்டிருக்க, ஆறிப்போன இஞ்சித் தேநீரின் வாசனையை அமுக்கிக்கொண்டு, கிழக்கு மேட்டில் எங்கோ பெய்து ஓய்ந்த மழையின் மண்வாடை ஜன்னல் வழியாக வந்தது. பயணிகளின் அனுமதி நேரம் முடிவதற்குள் வாயிலைத் தாண்டவேண்டுமே என்று, காலையில் அவள்தான் அவனை வண்டிகள் தண்ணீரில் இறங்கிக் கடக்கும் ஆற்றுக் கடவின் குறுக்குவழியில் போகச் சொன்னாள். மதியமே பூங்காவை விட்டு வெளியேறியிருக்க வேண்டியவன் அவன்.

பொத்தானை அழுத்தினாள். "இன்னும் கடவுலயா நிக்கறே? பேரை வேற சொல்றே, பயணிங்க காதுல விழப்போவுது."

"விழாது அய்கா. எல்லாரும் தூங்கறாங்க."

அவன் குரலுக்குப் பின்னால் வண்டிச் சத்தம் இல்லை. ஏதோ ஒன்று கற்களின்மேல் நகர்ந்து நகர்ந்து போகும் சத்தம் மட்டும். தண்ணீர்தான். நிறையத் தண்ணீர்.

மேசையில் கைபேசி அதிர்ந்தது. கீழ்ப்பாலத்து வனக்காவலர் மருவா.

"தங்கச்சி, உக்காந்துக்கம்மா. உங்க வண்டி ஒண்ணு வெள்ளத்துல அடிச்சிக்கிட்டு வந்து பாலத்துத் தூண்ல சிக்கியிருக்கு. உள்ள இருந்த யாரும் பிழைக்கல. கிசோகாவை நானேதான் வெளிய எடுத்தேன். உடம்பு விறைச்சிருக்கும்மா. மதியமே உயிர் போயிருக்கணும்."

நான் போட்ட வழி, நான் போட்ட வழி என்று மட்டும் நெஞ்சு அடித்துக்கொண்டது.

பெட்டி மறுபடி கரகரத்தது.

"கடவுல பெரிய கூட்டம். குட்டிங்களோட," என்றது கிசோகாவின் குரல். "தண்ணி கணுக்காலளவுதான். எல்லாரும் வாங்க."

ஒருவன் கண்டதைச் சொன்னால் பக்கத்தில் இருக்கும் வண்டியெல்லாம் அங்கே திரும்பும். அதுதான் இங்கே வழக்கம். சாயங்காலச் சுற்றுக்கு மூன்று வண்டிகள் போயிருந்தன.

"அடப்பாவி மச்சான், இத்தனை நேரம் நீயே வச்சிப் பார்த்தியா?" அதில் ஒன்றை ஓட்டும் லைசர் சிரித்தான். "இதோ வர்றேன்டா."

அய்கா பொத்தானை அழுத்திக் கத்தினாள். "போகாதீங்க! கிசோகா செத்துட்டான்! யாரும் கடவுக்குப் போகாதீங்க!"

"என்ன, அண்ணி சத்தத்தையே காணோம்?" என்றான் லைசர். "வூட்ல சண்டையாடா?"

மறுபடி கத்தினாள். பொத்தானில் பச்சை விளக்கு எரிந்தது. குரல் போகவில்லை. கைபேசியில் லைசரை அழைத்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"கடவுல வண்டியை இறக்கிட்டேன் மச்சான். இருட்டுக் கட்டுது, எங்கடா இருக்கே?"

பின்னால் பயணிகளின் சிரிப்பு. வண்டியின் உறுமல். ஒரு பெண்ணின் அலறல்.

பிறகு தண்ணீர்.

அய்கா பொத்தானை விடவில்லை. விரல் வெளுத்திருந்தது.

"தண்ணி கணுக்காலளவுதான்," என்றது லைசரின் குரல். நிதானமாக. வண்டிச் சத்தம் இல்லாமல். "எல்லாரும் வாங்க."

"வந்துட்டோம், வந்துட்டோம்," என்றார்கள் மற்ற இரண்டு ஓட்டுநர்களும். அந்த வண்டிகளுக்குள் குழந்தைகள் கைதட்டுவது கேட்டது.